ஆளில்லாத அறையில் குடியேறும் படக்குறிப்பு

ஆளில்லாத வீட்டு அறைகளைப் படமெடுக்கும் கலையைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்: மனிதர் விலகிக்கொண்டால் பொருள்கள் தம் உடைமையாளரைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும். புகைப்படக் கலைஞர் யூஜின் அட்ஜே 1910இல் தொகுத்த பாரிஸ் வீட்டு உள்ளறைகள் ஆல்பம் இந்த நம்பிக்கைக்கு எதிரான சான்று என்பது என் வாதம். வெற்றறையில் யாரையும் குடியமர்த்தலாம். அட்ஜேயிடம் அந்த வேலையைப் படக்குறிப்பு செய்கிறது.

ஆல்பத்தில் 60 படங்கள். வணிகர், பெண்களுக்குத் தொப்பி செய்பவர், வீட்டு அலங்காரக் கலைஞர், தொழிலாளி என வர்க்கம் மாறிமாறி வருகிறது. குறிப்புகளில் பெயரின் முதலெழுத்து, தொழில், தெரு. படங்களில் கட்டில், கணப்படுப்பு, அதன்மேல் கண்ணாடி, புத்தகங்கள். 18×24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகட்டில், அறைக்குள் வரும் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுப்பவருக்கு நீண்ட ஒளிபடு நேரம் தேவை. அசையும் மனிதர் கலங்கித் தெரிவார். ஆனால் தெருவோர வியாபாரிகளை அசையாமல் நிற்கவைத்துப் படமெடுத்தவர் அட்ஜே. ஆகவே உள்ளறைகளின் வெறுமையைத் தொழில்நுட்பத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

வாவேன் தெருவில் வசிக்கும் நாடகக் கலைஞர் 'திரு. ஆர்.' என்பவரின் வீடு என்று அட்ஜே குறித்திருப்பது உண்மையில் கம்பாஞ்-பிரமியேர் தெருவில் அட்ஜே தாமே வசித்த வீடு. அட்ஜே முன்னாள் நடிகர்; தொழில் ஓரளவு பொருந்துகிறது, பெயரும் தெருவும் பொய். கலை வரலாற்றாய்வாளர் மோலி நெஸ்பிட் அட்ஜேயின் ஏழு ஆல்பங்களைப் பற்றிய தம் நூலில் (1992) இந்த உள்ளறைப் படங்களை நுணுகி ஆராய்ந்திருக்கிறார். இந்தப் பொய்க்குறிப்பை மோசடி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அட்ஜேக்குத் தேவைப்பட்டது சமூக வகைமாதிரி, தனிமனிதர் அல்லர். ஆயினும் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் அட்ஜேயின் படங்களைக் குற்றம் நடந்த இடத்தின் படங்களோடு ஒப்பிட்டதை இங்கே நினைக்க வேண்டும். இவை தடயங்கள் என்றால், தடயத்தின்மேல் ஒட்டிய சீட்டு மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றத்தை நாற்காலியும் அலமாரியும் காட்டிக்கொடுக்கவில்லை.

குறிப்பையே நீக்கிவிட்டால்? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவான்ஸ் 1936இல் அலபாமாவின் குத்தகை விவசாயிகள் வீடுகளில் எடுத்த படங்கள் 1941இல் நூலானபோது, குறிப்பு ஏதுமின்றி உரைக்கு முன்னே வைக்கப்பட்டன. பொருள்கள் தாமே பேச இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஆனால் அந்த நூலின் உரையை எழுதிய ஜேம்ஸ் ஏஜி அதில் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருந்தார். கணப்படுப்பு மாடத்தில் தெரியும் அலாரம் கடிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை; எனவே எவான்ஸே அதை அங்கு வைத்திருக்க வேண்டும் என்றார் வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் கர்ட்டிஸ். அவர் சொன்னது சரியா என்பது வேறு விவாதம். படத்தை மட்டும் பார்த்து அந்த ஐயம் எவருக்கும் எழ வழியில்லை என்பதே முக்கியம். இங்கே படக்குறிப்பின் இடத்தில் ஏஜியின் உரை வந்து அமர்ந்துகொண்டது.

ஆகவே இத்தகைய படங்களைக் காட்சிக்கு வைப்போர் 'உள்ளறை, பாரிஸ்' என்று சுருக்கி எழுதி அழகை மட்டும் முன்னிறுத்துவது ஆய்வுக்கு இழப்பு. அட்ஜே எழுதிய குறிப்பும், தெரியவந்த இடங்களில் அறையின் மெய்யான முகவரியும், படத்தருகே சேர்ந்தே இருக்க வேண்டும்.