ஒரு நிகாஹை ஏற்க மறுத்த நாடு

பிழைப்புக்காக எல்லை கடப்பது கம்பம் பள்ளத்தாக்கின் முஸ்லிம் குடும்பங்களுக்குப் புதிதன்று. குமுளி மலைப்பாதையில் ஏறி, அன்றைய திருவிதாங்கூர் சீமையில் வணிகமும் ஏலத்தோட்டத் தொழிலும் செய்த முன்னோர் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் தம் மனைவி மக்களை மலைக்கு மேலே அழைத்துக்கொள்ள நிகாஹ் சான்று எதுவும் தேவைப்படவில்லை. ஊர் அறிந்திருந்தது, ஜமாஅத் அறிந்திருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

இன்று நிலைமை வேறு. உத்தமபாளையத்திலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்லும் இளைஞர், மனைவியைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விரும்பினால், அந்த நாட்டு அரசு முதலில் ஒரு வினாவை எழுப்புகிறது: "இப்பெண் உம்முடைய மனைவிதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" ஸ்பான்சர், ஃபேமிலி விசா, அட்டெஸ்டேஷன் என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் அனைத்தும் இந்த ஒரே வினாவைச் சுற்றியே வருகின்றன. இவ்வினாவுக்கு நூறாண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் ஏட்டில் ஒரு முஸ்லிம் மனைவியின் பெயரும், அவரைப் போன்றோருக்காகச் சிறை சென்ற தமிழ்ப் பெண்களின் தியாகமும் பதிந்துள்ளன.

அந்த மனைவியின் பெயர் பாய் மரியம். அவருடைய கணவர் ஹசன் ஈசாப் தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த இந்தியர். இருவரும் இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி நிகாஹ் செய்துகொண்டவர்கள். கணவரோடு வாழ்வதற்காகக் கடல் கடந்த மரியமுக்குக் குடியேற்ற அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் மார்க்கத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்காது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஹசன் ஈசாப் இரண்டாவது மனைவியை அழைத்து வரவில்லை. சாட்சிகள் இல்லை என்றோ, மஹர் இல்லை என்றோ எவரும் குறை கூறவுமில்லை. நிகாஹ் நடந்ததா என்ற ஐயத்தினால் அவருக்குக் கதவு அடைபடவில்லை. அந்நிகாஹ் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தது என்பதனாலேயே அடைபட்டது.

அத்தீர்ப்பின் விளைவு மரியமோடு நிற்கவில்லை. முஸ்லிம்களின் திருமணங்களோடு இந்துக்களின், பார்சிகளின் திருமணங்களும் அங்கே சட்டத்தின் கண்ணில் செல்லாதவையாகும் நிலை உருவாயிற்று. மனைவி என்ற தகுதி பறிபோயிற்று. பிறந்த பிள்ளைகளின் மரபுரிமையும் வாரிசுரிமையும் ஊசலாடின. பல்லாண்டுகள் இல்லறம் நடத்திய பெண்கள், தாங்கள் இந்நாட்டில் யார் என்று கேட்க வேண்டியவர்களானார்கள்.

அதுவரை இந்தியர்களின் அறப்போராட்டத்தில் சிறை சென்றவர்கள் ஆண்களே. இத்தீர்ப்புக்குப் பின் பெண்கள் களம் இறங்கினர். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் உள்ளிட்ட ஒரு குழுவினர் நேட்டாலிலிருந்து அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து சிறை ஏகினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட மற்றொரு குழுவில் பதினொரு பெண்கள் இருந்தனர். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தமிழர்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்தவர்கள். அவர்கள் நியூகாசிலை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள் மீது விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுன் தலைவரியும் அப்போராட்டத்தின் மற்றொரு காரணம். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பரில் தொழிலாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காந்தியடிகளின் தலைமையில் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர்.

தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மையும் இப்போராட்டத்தில் சிறைப்பட்டவரே. சிறையில் கடும் காய்ச்சலுக்கு ஆளாகி, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 16. ஒரு முஸ்லிம் பெண்ணின் நிகாஹ் மறுக்கப்பட்டதால் எழுந்த போராட்டத்தில், தமிழ்நாட்டு இந்துக் குடும்பம் ஒன்றின் மகள் உயிர் துறந்திருக்கிறார். நன்றி மறவாமை நம் மார்க்கத்தின் பண்பு. இச்செய்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்பண்பில் அடங்கும்.

1914-ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒரே மனைவியைக் கொண்ட இந்தியரின் திருமணம், எம்மார்க்க முறைப்படி நடந்திருப்பினும் ஏற்கப்பட்டது. மனைவியும் சிறு பிள்ளைகளும் கணவரிடம் வந்து சேர வழி பிறந்தது. எனினும் அவ்வழி நிலைக்கவில்லை. 1953-இல் தென்னாப்பிரிக்க அரசு இன்னொரு சட்டத்தின் மூலம், இந்தியாவில் மணமுடித்த மனைவியர் அங்கே வருவதைத் தடுத்துவிட்டது. முஸ்லிம் திருமணங்களை ஏற்காதிருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அறிவித்தது 2022 ஜூன் 28 அன்றுதான். மரியமின் வழக்குக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே 109 ஆண்டுகள் ஓடியிருந்தன.

தமிழ் முஸ்லிம்களுக்கு இன்னும் நெருக்கமான நாடு மலாயா. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த நம்மவர்கள் பலர், மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போனார்கள். போக்குவரத்து தடையின்றி இருந்தவரை இம்முறை நடந்தது. 1953 ஆகஸ்டில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து கதவைக் குறுக்கியது. 1959-இல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கும், ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கும் நுழைவு இல்லையென்று விதிக்கப்பட்டது. குடும்பத்தின் நலன் கருதிப் பொறுத்துக்கொண்ட பிரிவே, குடும்பம் ஒன்றுசேர்வதற்குத் தடையாக எழுந்து நின்றது.

பிரிவைப் பற்றி நம் வரலாறு கூறுவதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கணவன் போர்க்களத்தில் இருக்க, தனிமையில் ஏங்கிய ஒரு பெண்ணின் குரலை உமர் (ரலி) அவர்கள் இரவு வலத்தின்போது கேட்டார்கள். ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். அதன்படி வீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. ஒரு பேரரசின் கலீஃபா, பெயர் அறியாத ஒரு மனைவியின் தனிமையை ஆட்சியின் பிரச்சினையாகக் கருதினார் என்பதே இதில் நாம் பெற வேண்டிய படிப்பினை.

இவ்வரலாறுகளிலிருந்து நம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். பாய் மரியமின் காலத்தில் நிகாஹ் நடந்திருந்தும் சட்டம் அதைக் காண மறுத்தது. இன்று பெரும்பாலான நாடுகள், சொந்த நாட்டில் சட்டப்படி செல்லுபடியாகும் நிகாஹை ஏற்கின்றன. நாம் அதை முறையாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறர் சிறை சென்று வாதாடிய ஓர் உரிமையை, நம் கவனக்குறைவினால் நாமே நழுவ விடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது அதன் விதி. பள்ளிவாசல் நிகாஹ் தஃப்தரில் கையொப்பம் இட்டவுடன் கடமை முடிந்தது என்று எண்ணும் குடும்பங்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சார்பதிவாளர் அலுவலகத்தை நினைக்கின்றன. பெயரும் தடையாகிறது. பள்ளிச் சான்றில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட "பாத்திமா", ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்ட "ராவுத்தர்", தலைப்பெழுத்தின் மாற்றம் ஆகிய சிறு பிழைகள், மணமகளை மாதக்கணக்கில் தாய்வீட்டில் காக்க வைக்கின்றன. அமீரகம் போன்ற நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்ற மூன்று படிகளில் சான்று மெய்ப்பிக்கப்பட வேண்டும். முதல் எழுத்திலேயே பிழை இருந்தால், மூன்று படிகளிலும் அது உடன் வரும்.

எழுதி வைப்பது நமக்கு அந்நியமான வழக்கமன்று. கடன் கொடுக்கல் வாங்கலையே சாட்சிகளோடு எழுதிக்கொள்ளப் பணிக்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். பணத்துக்கே இத்தனை கவனம் என்றால், ஒரு பெண்ணின் வாழ்வையும் பிள்ளைகளின் உரிமையையும் தாங்கி நிற்கும் உடன்படிக்கைக்கு எத்தனை கவனம் வேண்டும்! நிகாஹ் மஜ்லிஸ் நடக்கும் நாளிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரெழுதும் வழக்கத்தை ஜமாஅத்துகள் ஏற்படுத்தலாம். பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் நாளை, விருந்துக்கு நாள் குறிக்கும்போதே மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் குறித்துக்கொள்ளலாம்.

பிரிந்து வாழும் குடும்பங்களை அல்லாஹ் நலமாக ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.