குழிநரியும் 'முதற் பதிவு' என்னும் வாதமும்

பெங்களூரின் பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய பழம்பகுதிகளில் இன்னும் எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகளின் இறவாரத்துக்கு அடியில், மழைத்துளி படாமல் காய்ந்து பொடிந்து கிடக்கும் செம்மண்ணைச் சற்றே குனிந்து நோக்குபவர், விரல்நுனி அளவிலிருந்து சிறு கிண்ணத்தின் வாயளவு வரை, ஒன்றையொன்று ஒட்டியும் விலகியும் அமைந்த கூம்பு வடிவக் குழிகளைக் காணக்கூடும். தமிழ்நாட்டுச் சிறுவர்கள் குழிநரி என்று அழைத்து, எறும்பொன்றைப் பிடித்து உள்ளே விட்டு வேடிக்கை பார்க்கும் அதே ஜந்துதான் இக்குழிகளின் அடியில் மண்மூடி அமர்ந்திருப்பது. மலையாளம் வழங்கும் நாட்டில் இதனையே குழியானை என்பர். லின்னேயஸ் 1767-இல் வகுத்த மிர்மிலியான் என்னும் பேரினப் பெயரோ எறும்பு, சிங்கம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஒரு பிரதேசத்தில் முன்னர்ப் பதிவாகாத குழிநரி இனமொன்று அங்குக் கண்டெடுக்கப்பட்டது என்று ஆராய்ச்சி ஏடுகளில் அவ்வப்போது வெளிவரும் அறிவிப்பு, மெய்யாகவே எதனை நிறுவுகிறது, எதனை நிறுவாமல் விட்டுவிடுகிறது என்பதே ஈண்டு நான் விசாரிக்கப் புகுந்த பொருள்.

இவ்விசாரணைக்கு வேண்டிய கருவி நம் தர்க்க சாஸ்திரத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் எண்ணப்படும் பத்து அளவைகளுள் இன்மையை உணர்த்தும் அபாவம் என்பதும் ஒன்று; ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரிலபட்டர், ஒரு பொருளின் இன்மையை நாம் அறிவது காட்சியாலும் அன்று, அனுமானத்தாலும் அன்று, காணப்படாமையாகிய அனுபலப்தி என்னும் தனிப் பிரமாணத்தாலேயே என்று வாதித்தார். அவ்வாதத்தை நியாய மரபினரான நையாயிகர் ஒப்பவில்லை. ஆயினும் இருதிறத்தாரும் உடன்படும் நிபந்தனை ஒன்று உண்டு. தரையில் குடம் இல்லை என்று துணிவதற்கு, குடம் இருந்திருந்தால் அது கண்ணுக்குப் புலனாகியிருக்கும் என்னும் நிலைமை முதலில் வேண்டும். விளக்கேற்றிய அறையில் குடம் காணப்படாமை அதன் இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் காணப்படாமை எதற்கும் சான்றாகாது. முன்னதை யோக்யானுபலப்தி என்று அவர்கள் பிரித்தறிந்தார்கள். ஒரு நாட்டின் பூச்சிப் பட்டியலில் ஓர் இனத்தின் பெயர் இல்லாதிருப்பது விளக்கேற்றிய அறையின் இன்மையா, இருட்டறையின் இன்மையா என்று முதலில் தெளியாமல், 'முதற் பதிவு' என்னும் சொல்லுக்கு எந்தப் பொருளும் கூற இயலாது என்பது என் துணிபு.

குழிநரியைப் பொறுத்தவரை அந்த அறை பெரும்பாலும் இருட்டறையே. அதன் காரணத்தை உணர இதன் வாழ்க்கையைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். குழியினுள் இருப்பது புழுப்பருவம். இரையின் மிகுதி குறைவுக்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப ஓராண்டோ, இரண்டு மூன்று ஆண்டுகளோ நீளும் இப்பருவத்தில் அது மும்முறை வளர்நிலை எய்துகிறது. பின்னோக்கியே நடந்து, வட்டமிட்டுச் சுழன்று, தலையால் மண்ணை வாரி எறிந்து குழி தோண்டும். பொடிமண் எந்தச் சரிவு வரை சரியாமல் நிற்குமோ அந்தச் சரிவிலேயே குழியின் சுவரை நிறுத்துவதால், கால் வைத்த எறும்பு தன் பாரத்தாலேயே உள்ளே வழுக்கி விழுகிறது. கொடுக்குப் போன்ற தாடைகள் இரண்டும் உட்புழையுள்ள குழல்கள். அவற்றின் வழியே நஞ்சைச் செலுத்தி, இரையின் உட்சாரத்தை உறிஞ்சிவிட்டு, வெறுங்கூட்டைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும். இப்புழுவின் நடுக்குடலும் கடைக்குடலும் இணையாதவை ஆதலால், புழுப்பருவம் முழுவதும் அது மலம் கழிப்பதே இல்லை. அத்தனையும் தேங்கியிருந்து, இறகு முளைத்த பின்னரே வெளியேறுகிறது. உடலின் பின்முனையிலிருந்து பட்டிழை நூற்று, மணல் ஒட்டிய உருண்டைக் கூடு கட்டி, அதனுள் உருமாறி, ஓர் இரவில் வெளிப்படுவது நீண்ட நான்கு இறகுகளும் மெலிந்த உடலுமுடைய ஒரு பூச்சி. ஊசித்தட்டான் என்று எண்ணியே எவரும் அதனைக் கடந்து போவர். நுனி தடித்த உணர்கொம்புகள்தாம் இரண்டுக்கும் வேற்றுமை காட்டுவன. பகலில் உலர்ந்த சுள்ளியோடு சுள்ளியாக ஒட்டிக் கிடந்து, இரவில் பறந்து, சில வாரங்களுக்குள் அது மடிகிறது.

இனத்தைத் துணிவதற்கு அறிஞர்கள் துணைகொள்ளும் அடையாளங்களோ பெரும்பாலும் இந்தச் சில வாரப் பூச்சியின் இறகு நரம்புகளிலும் ஆணின் பிறப்புறுப்பிலும் அமைந்தவை. எல்லோர் கண்ணிலும் படும் குழிக்குப் பெயர் சொல்ல இயலவில்லை. பெயர் சொல்லத்தக்க உருவமோ எவர் கண்ணிலும் படுவதில்லை. இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. உலகிலுள்ள குழிநரிக் குடும்பத்து இனங்களுள் குழி தோண்டுவன சிறுபான்மையே. ஏனையவற்றின் புழுக்கள் மணலுக்கடியில் குழியின்றிப் புதைந்தும், மரப்பொந்தின் தூளிலும், பாறையின் மேலும் பதுங்கி வாழ்வன. புள்ளியிட்ட பெரிய இறகுகளால் வண்ணத்துப்பூச்சியோ என ஐயுறவைக்கும் பால்பாரிஸ் பேரினத்தின் புழுவும் குழி தோண்டுவதில்லை. ஆகவே குழிகளை எண்ணி ஓர் ஊரின் குழிநரிகளை எண்ணிவிட்டதாகக் கொள்வது, வாசலில் கோலமிட்ட வீடுகளை மட்டும் எண்ணித் தெருவின் குடித்தொகை இதுவென்பதை ஒக்கும்.

இனி, அந்த இருட்டறைக்குள் யார் யார் விளக்கேந்திப் போனார்கள் என்று பார்ப்போம். பிரெஞ்சு அறிஞர் ராம்பூர் 1842-இலும், லண்டன் அருங்காட்சியகத்துச் சேகரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் வாக்கர் 1853-இலும் இந்தியக் குழிநரிகள் பலவற்றிற்குப் பெயரிட்டனர். ஹாகன் 1858-இல் குழிநரி அடங்கிய வரிசையான இலங்கையின் நரம்பிறகிகளைத் தொகுத்தெழுதினார். பின்னர் ஸ்பெயின் தேசத்து ஏசு சபைத் துறவி லாங்கினோஸ் நவாஸ், சரகோசா நகரில் இருந்தபடியே, தமக்கு வந்து சேர்ந்த கீழைநாட்டு மாதிரிகளை வருணித்தார். இவர்கள் கண்டவை ஊசியிற் குத்திய உலர்ந்த உடல்களே. அவற்றின் சீட்டுகளில் 'இந்தியா' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் இடக்குறிப்பு ஏதும் இல்லாதிருப்பதும் உண்டு. பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல்வரிசையில் தட்டான்களுக்குப் பிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் இயற்றினார். குழிநரிக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை.

உள்நாட்டில் பூச்சியியல் வளர்ந்ததோ பயிரின் நிழலில். சென்னை மாகாணத்தின் பொருட்டுப் பிளெட்சர் 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல், பொருளாதார நோக்கில் முக்கியமான ஜந்துக்களையே கருதுவது என்று தன் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. மைசூர் சமஸ்தானத்திற்கு 1908-இல் வந்து சேர்ந்த கனடா தேசத்தவரான லெஸ்லி கோல்மன், சோளப் பயிரை அழித்த தக்காண வெட்டுக்கிளியை ஆராய்ந்தார். அவ்வெட்டுக்கிளியின் பேரினமே 1910-இல் கோல்மேனியா என்று அவர் பெயரைப் பெற்றது. பயிரைத் தின்பதற்கு உடனே பெயர் கிடைக்கிறது. தின்பதைத் தின்பதற்கும் பிற்காலத்தில் பெயர் கிடைத்தது. உழவனுக்கு நட்பும் பகையுமின்றிச் சுவரோரத்தில் எறும்பு பிடித்துக் காலங்கழிக்கும் குழிநரியைத் தேட எந்த அரசாங்கத்திற்கும் காரணம் இருக்கவில்லை. அக்காலத்துப் பூச்சியியலாரை நான் குறை கூறவில்லை. பஞ்சம் அடுத்தடுத்து வந்த தேசத்தில் அவர்கள் செய்தது தக்க கடமை. அவர்களுடைய பட்டியலில் ஒரு குழிநரியின் பெயர் இல்லாமையை அக்குழிநரியின் இன்மைக்குச் சான்றாக இன்று நாம் காட்டுவதுதான் தகாதது.

'பிரதேசம்' என்னும் சொல்லும் நம்மை மயக்கவல்லது. கர்நாடக மாநிலத்தில் முதற் பதிவு என்று எழுதும்போது, 1956-இல் வரையப்பட்டு 1973-இல் பெயர் மாற்றம் பெற்ற ஓர் அரசியல் எல்லையையே நாம் அளவுகோலாகக் கொள்கிறோம். பெல்லாரி மாவட்டத்தின் பெரும்பகுதி 1953 வரை சென்னையோடு சேர்ந்திருந்தது. கொள்ளேகாலம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்துத் தாலுகா. அங்கே 1930-இல் பிடிக்கப்பட்ட பூச்சியொன்று இருக்குமாயின், அதன் சீட்டில் 'மெட்ராஸ்' என்றே எழுதப்பட்டிருக்கும். சீட்டைப் பிரதி செய்து பட்டியல் வகுப்பவர் அதனைத் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்த்துவிடவும், அதே இனத்தைப் பின்னொருவர் அதே மலையடிவாரத்தில் பிடித்துக் கர்நாடகத்துக்கு முதற் பதிவென்று மகிழவும் இடமுண்டு. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். இடையே இருப்பது ஒரே பீடபூமி, ஒரே செம்மண். ஓசூரில் அறியப்பட்ட இனம் ஆனேக்கல்லில் கிடைத்தது என்பது ஓர் எழுத்தரின் பேரேட்டைத் திருத்துமேயன்றி, உயிரின் பரவலைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் சொல்லாது.

இதற்கு நேர்மாறாக, முதற் பதிவு கனத்த பொருளுடையதாக அமைந்த நிகழ்ச்சியும் உண்டு. இலங்கைக்கே உரியதென்று கருதப்பட்டு வந்த இந்தோபேனிஸ் பார்பாரா என்னும் குழிநரியை, இரிஞ்சாலக்குடா கிறிஸ்து கல்லூரியைச் சேர்ந்த ஷட்பத பூச்சியியல் ஆய்வுக்கூடத்தார் அண்மைக் காலத்தில் கேரளத்தில் கண்டறிந்தனர். இங்கே பதிவு கடந்தது அரசியல் எல்லையை மட்டுமன்று, கடலையும் ஆகும். 'இத்தீவுக்கே உரியது' என்னும் ஒரு முடிபையே அது தள்ளிவிட்டது. ஆயினும் இப்பூச்சி கடல் தாண்டிப் புதிதாகக் குடியேறியது என்று கொள்வதற்கு நியாயம் இல்லை. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை நிலமாய்க் கிடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்வகைகளுக்கும் இலங்கை உயிர்வகைகளுக்கும் உள்ள உறவு வேறு பல குலங்களிலும் காணப்படுவது. இருகரையிலும் நெடுங்காலமாக வாழ்ந்த ஓர் இனம், ஒரு கரையில் முன்னதாகவும் மறுகரையில் பிந்தியும் ஆராயப்பட்டது என்பதே எளிய விளக்கம். தீவுக்குரியது என்ற பழைய துணிபு, கேரளத்துக் காடுகளை இருட்டில் பார்த்துக் குடமில்லை என்றதன் விளைவு.

இவ்வாறு சொல்லும்போது, புதிய வருகை என்பதே இல்லை என்கிறாயா என்று ஒருவர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானது, பெங்களூரைப் பொறுத்தவரை அதற்கு வலுவும் உண்டு. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் ஓடாத இடத்தில் அமைந்த இந்நகரம், தன் கட்டடங்களுக்கு வேண்டிய ஆற்று மணலை நெடுங்காலம் வெளியிலிருந்தே லாரிகளில் வருவித்துக்கொண்டது. மணலில் புதைந்து வாழ்ந்து, பல நாள் பட்டினி பொறுக்கவல்ல ஒரு புழு, அம்மணலோடு பயணப்பட்டு வந்து ஒரு கட்டட மனையின் ஓரத்தில் குழி தோண்டுவது எளிதில் நிகழக்கூடியதே. நாற்றங்கால் தொட்டிகளின் மண்ணோடும் அது வரலாம். ஆனால் வரக்கூடும் என்பது வேறு, வந்தது என்பது வேறு. வந்தது என்று வாதிப்பவர், அவ்வினம் இங்கே முன்பு இல்லை என்பதைத் தகுந்த அனுபலப்தியால் நாட்டியாக வேண்டும். அதாவது, முன்னொருவர் இதே மண்ணில், இதே பருவத்தில், இதற்கேற்ற முறையால் தேடி, பிறவற்றைக் கண்டு இதனை மட்டும் காணாமல் மீண்டார் என்னும் குறிப்பு வேண்டும். அத்தகைய குறிப்பை எவரும் எழுதி வைப்பதில்லை. கிடைத்ததையே அச்சிடுகிறோம், கிடைக்காமற் போன தேட்டத்தை மறந்துவிடுகிறோம். குழிநரியோ பறக்கும் வன்மை குறைந்தது. காலத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிப்பது. அதனை வந்தேறி என்பவர்மீதே சான்று காட்டும் கடன் மிகுதியும் சார்கிறது.

இத்தகைய முறையான தேட்டத்துக்குப் பெங்களூர் உகந்த களமாகும். இந்திய விஞ்ஞான நிலையமும், காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரத்தின் பரந்த வளாகமும், ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் அருங்காட்சியகமும் ஒரே நகரில் அமைந்த வாய்ப்பு நாட்டில் வேறெங்கும் எளிதன்று. லால்பாக்கின் தொன்மையான பாறையடிவாரம் முதல் துரஹள்ளிக் காடு, பன்னேருகட்டா வரை வறண்ட மண்ணும் ஏராளம். செய்யவேண்டியதோ செலவற்றது. கரண்டியால் குழியோடு புழுவை அள்ளி, அதே மண் நிரம்பிய டப்பாவில் இட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று எறும்பு கொடுத்து, கூடு கட்டும்வரை காத்திருந்தால், புழுவும் பூச்சியும் ஒரே இனத்தவை என்று ஐயமறத் தெரிகிறது. நான் அவ்வாறு வளர்த்தவற்றுள் ஒன்று, வெளிவருவதற்குப் பதினான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டது. இறகு விரிந்து உலர்ந்த பின், அத்தனை மாதத்துக் கழிவையும் ஒரு சிறு உருண்டையாக டப்பாவின் ஓரத்தில் விட்டிருந்தது. புழுவின் கழற்றிய தோலையும், வெறுங்கூட்டையும், பூச்சியையும் ஒரே ஊசியின் கீழ் சேர்த்து வைக்கவேண்டும். புகைப்படம் இறகு நரம்பைத் தெளிவாகக் காட்டுவது அரிது ஆதலால், படத்தை மட்டும் நம்பிப் பதிவு செய்தல் கூடாது.

இவற்றோடு இன்னும் ஒரு வழக்கத்தை நம் ஆராய்ச்சி ஏடுகள் மேற்கொள்ளவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முதற் பதிவு எனக் கட்டுரை அனுப்புபவர் ஒவ்வொருவரும், தாம் கண்ட இடத்தோடு, அதே ஆண்டில் தாம் தேடியும் அவ்வினத்தைக் காணாத இடங்களையும், விளக்குப்பொறி வைத்த இரவுகளையும், சலித்த மண்ணின் அளவையும் தேதியோடு எழுதட்டும். இருபது ஆண்டு கழித்து, பசவனகுடியின் ஏதோ ஒரு சுவரோரத்தில் வேறொருவர் புதிய இனமொன்றைக் காணும்போது, அது வந்ததா, இருந்ததா என்று கேட்பதற்கு அப்பட்டியல் அவர் கையில் இருக்கும்.