மிலாறு அடுப்பிலிருந்து எரிவாயு வரை

தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகைவண்டி வட்டகொடை நிலையத்தில் நிற்கும்போது, தேயிலை மலைகளும் அவற்றின் நடுவே நீண்டு கிடக்கும் லயன்களும் கண்ணில் படும். முன்பெல்லாம் விடியற்காலையில் கூரைதோறும் புகை எழும். கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் அந்த அடுப்புகளுக்கு விறகு. இன்று பல காம்பராக்களில் மிலாறு அடுப்புக்கு அருகிலேயே எரிவாயு சிலிண்டரும் நிற்கிறது.

இலங்கையில் எரிவாயுவின் கதை கொழும்பில் தொடங்குகிறது. 1872இல் தெருவிளக்குகளுக்காக அங்கே ஒரு நிறுவனம் உருவானது. அதன் வழிவந்த அரச நிறுவனத்தின் பெரும்பங்கை 1995இல் ஷெல் வாங்கியது. 2010இல் அரசு அதை மீண்டும் வாங்கி லிட்ரோ என்று பெயரிட்டது. இடையில் லாப்ஸ் போட்டிக்கு வந்தது. நகரத்துச் சமையலறைகளை நிறைத்த பின்னரே சிலிண்டர் தோட்டத்து மண்சாலைகளில் ஏறியது.

2021 நவம்பரில் நாட்டின் பல பகுதிகளிலும் அடுப்புகள் வெடித்தன, குழாய்கள் தீப்பற்றின. கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்து உணவகம் ஒன்றிலும் வெடிப்பு நிகழ்ந்தது. சில வாரங்களில் சம்பவங்கள் நூற்றுக்கணக்காயின, உயிர்களும் போயின. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நியமித்த நிபுணர் குழு, வாயுக் கலவையில் ஏற்பட்ட மாற்றமே முக்கிய காரணம் என்று டிசம்பரில் அறிக்கை தந்தது.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரே வெப்பநிலையில் புரோப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதன் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் உயரும். தேய்ந்த ரெகுலேட்டரும், வெடிப்பு விழுந்த குழாயும், தளர்ந்த கிளிப்பும் அதுவரை எப்படியோ சமாளித்து வந்திருக்கும். அழுத்தம் கூடியதும் அவற்றின் பலவீனம் வெளிப்படும். கலவையை மாற்றியது வீட்டுக்காரர் அல்லர். விளைவு மட்டும் அவர் அடுப்பங்கரையில் நேர்ந்தது.

ஓர் இணைப்பின் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலண்டனில் ஒரு சான்று உண்டு. 1968 மே 16ஆம் நாள் அதிகாலை, ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பை வாயுக் குழாயோடு இணைத்த பித்தளைத் திருகு தரம் குறைந்தது. அது உடைந்து வாயு கசிந்திருந்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நால்வர் இறந்தனர், தேநீர் போடப்போனவர் உயிர் பிழைத்தார்.

வாயுவுக்கு நாற்றம் சேர்த்ததற்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்டனர். அதன் பிறகே வாயுவில் நாற்றப்பொருள் கலப்பது சட்டமாயிற்று. நாம் மூக்கைச் சுளிக்கும் அந்த மெர்காப்டன் நெடி அந்தப் பிள்ளைகள் விட்டுச்சென்ற எச்சரிக்கை.

லயனுக்கு வருவோம். அது விறகடுப்பின் காலத்தில் கட்டப்பட்டது. காம்பராக்கள் ஒட்டியபடி ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு வீட்டில் பிடிக்கும் தீ வரிசை முழுவதையும் விழுங்கிவிடும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். குளிருக்காகக் கதவைச் சாத்தி, மிலாறு அடுப்பில் தணல் கிடக்கும் அறையில் இதைவிட ஆபத்து வேறில்லை. சிலிண்டர் தீரும் தறுவாயில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன்; மலைக்குளிரில் சுடர் மெலியும். அப்போது சிலிண்டரைச் சாய்ப்பதும் சூடாக்குவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

செய்ய வேண்டியவை எளியவை. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும். விறகடுப்பிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். ரெகுலேட்டரும் குழாயும் எஸ்.எல்.எஸ். தரச்சான்று பெற்றவையாக இருக்கட்டும். குழாயின் இரு முனைகளிலும் கிளிப்பை இறுக்குங்கள். ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்காதீர்கள். நெடி அடித்தால் மின்விளக்கின் பொத்தானைத் தொடாமல், தணல் இருந்தால் அதன் அருகே போகாமல், சிலிண்டரை மூட முடிந்தால் மூடி, கதவைத் திறந்து பிள்ளைகளுடன் வெளியேறுங்கள். அடுத்த காம்பராக்காரரையும் கூப்பிடுங்கள்.

இதில் செலவும் இருக்கிறது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு விற்றது. ஏறக்குறைய ஐந்து நாள் கொழுந்து ஒரு சிலிண்டருக்குப் போயிற்று. அந்த நிலையில் புதிய குழாயைத் தள்ளிப்போடுவதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே பழைய குழாய்களை மாற்றிக் கொடுப்பதை வாயு விற்போரும் தோட்ட நிர்வாகங்களும் தங்கள் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். சவர்க்கார நுரை மட்டும் நம் கையில் இருக்கிறது. அதையாவது இன்றே செய்வோம்.