ஸ்பின்ஸ்டரும் சுமங்கலியும்

ஆங்கிலத்தில் 'ஸ்பின்ஸ்டர்' என்றால் இன்று வயது கடந்தும் கல்யாணம் ஆகாத பெண். ஏளனம் ஒட்டிக்கொண்ட சொல். 14ஆம் நூற்றாண்டில் அதற்கு நூல் நூற்பவள் என்பதே பொருள். 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நெய்பவள் வெப்ஸ்டர், பீர் காய்ச்சுபவள் புரூஸ்டர். (அகராதிக்காரர் வெப்ஸ்டரின் குடும்பப் பெயருக்குள் ஒரு நெசவுக்காரி இருக்கிறாள்.)

கணவனின் தொழிலில் பங்கில்லாத பெண்களுக்கு நூற்பே கைகொடுத்தது. பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் தொழிலாக எழுதப்பட்ட சொல், 17ஆம் நூற்றாண்டில் மணமாகாதவள் என்ற சட்டச் சொல்லாகிவிட்டது. தொழில் உதிர்ந்தது, கணவன் இல்லாமை தங்கியது. இங்கிலாந்துத் திருமணப் பதிவேடுகளிலிருந்து அது நீங்க 2005 ஆயிற்று. கூடவே நீங்கிய 'பேச்சிலர்' யாரையும் புண்படுத்தியதில்லை. என் மாணவிகள் மூன்று வருடம் படித்து வாங்குவதும் அந்தப் பட்டம்தான்.

தமிழிலும் நூற்பவள் தனித்தவளே. நற்றிணை 353இல் கபிலர், மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக, ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நூலைக் காட்டுகிறார். அங்கே ஏளனம் இல்லை. நன்னூலில் பவணந்தி, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தார். அவர் எங்கள் சீனாபுரத்துக்காரர் என்பது கொங்குப் பெருமை. புலவனைப் பெண்ணாக்கியவர் என்று பெருமைப்பட்டு யாரும் நான் கேட்டதில்லை.

கோவையில் 1888இல் முதல் பஞ்சாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. பிற்பாடு, 1990களுக்குப் பிறகு, இந்த வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' பரவியது. பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைப் பெண்கள். ஆலை விடுதியிலேயே தங்கல். வெளியே போகக் கட்டுப்பாடு. மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. உடம்பு முடியாமல் நடுவில் கிளம்பிய பலருக்கு அது கிடைக்கவில்லை. அந்தத் தொகையும் அவர்கள் சம்பளத்தில் பிடித்துவைத்ததுதான்.

சுமங்கலி என்றால் கணவன் உயிரோடு இருப்பவள். நூற்பவள், மணமாகாதவள் என ஸ்பின்ஸ்டரின் இரு பொருளும் பொருந்திய பெண்ணுக்கு, இன்னும் வராத கணவனை வைத்து ஒரு பெயர். ஆலைப் பதிவேட்டிலோ அவள் 'அப்ரண்டிஸ்'. கற்றல் என்னும் பிரெஞ்சு வேரிலிருந்து வந்த சொல். சில மாதங்களில் பழகிவிடும் வேலையை மூன்று வருடமும் அவள் கற்றுக்கொண்டே இருந்தாள், ஏட்டில். அதனால் அவளுக்கு நிரந்தரத் தொழிலாளியின் கூலி தர வேண்டியிருக்கவில்லை.