தூசிக்கு யார் கணக்கு வைத்தது?

பயர் ஆபீஸில் வெடி விபத்து என்றால் இருக்கன்குடி வரைக்கும் சத்தம் கேட்கும். தாசில்தார் வருவார், பேப்பரில் வரும், நிவாரணம் அறிவிப்பார்கள். தூசி அப்படி இல்லை. பதினைந்து, இருபது வருஷம் கழித்து வீட்டுத் திண்ணையில் வைத்து ஆளைச் சாய்க்கும். சேமிப்பு, கடன் வரலாறெல்லாம் இந்த மலரில் மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் தூசியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் தமிழ் ஜனங்கள் இந்த நோயை மொத்தமாகப் பார்த்தது கோலார் தங்கவயலில். 1880களில் அங்கே வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் வெட்ட, வட ஆற்காடு பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தங்கம் இருந்தது வெள்ளைக்கல் பாறைக்குள். அதைத் துளைபோட்டு உடைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி ரொம்ப நைஸ், கண்ணுக்கே தெரியாது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்விடும். அதை விழுங்க வருகிற நம் உடம்பின் செல்களே அங்கே செத்துப்போகும். அந்த இடம் சூடுபட்ட கை மாதிரி தழும்பேறி இறுகிவிடும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். முதலில் தண்ணிக்குடம் தூக்கி வர முடியாது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாலே இரைக்கும். தழும்பை மாற்ற மருந்து கிடையாது.

1940இல் மைசூர் அரசு இதற்கென்றே சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. அந்தப் பத்து வருஷத்துக்குள் அங்கே ஏழாயிரம் பேருக்கு மேல் சோதித்துப் பார்த்ததில், நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் நோய் இருந்தது. எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது.

நம்ம ஊர்த் தூசி வேறு. பட்டாசில் வெள்ளை வெளிச்சம் தருகிற அலுமினியப் பவுடர் அது. இதற்கும் பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் வெடிமருந்துக்காக இதே மாதிரி நைஸ் பவுடர் செய்த தொழிலாளருக்கு நுரையீரல் தழும்பேறியதை கோரலெவ்ஸ்கி என்கிற டாக்டர் எழுதி வைத்தார். கூத்தைக் கேளுங்கள், அதே 1940களில் கனடாவில் அலுமினியப் பொடியை சிலிகோசிசுக்குத் தடுப்பு மருந்து என்று நம்பி, சுரங்கத் தொழிலாளர் உடை மாற்றுகிற அறையைச் சாத்தி உள்ளே ஊதிவிட்டார்கள். 1943இல் ஆரம்பித்தது 1979 வரை நடந்தது. 2022இல்தான் ஒன்டாரியோ அரசு மன்னிப்புக் கேட்டது.

நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கா இருந்தது, ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, பஞ்சுத் தூசி இருந்தது, கரும்புச் சக்கைத் தூசிகூட இருந்தது. அலுமினியத் தூசிக்குத் தனியாகப் பெயர் இருக்கவில்லை. பட்டாசுக்கு நாடே நம்ம பக்கம்தான் பார்க்கிறது, நம் தூசிக்குப் பெயர் இல்லாதது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இந்த மலருக்காக எங்கள் குழுவின் பழைய கடன் பதிவேடுகளைப் புரட்டினேன். காரணம் என்கிற கட்டத்தில் ஆட்டுக்குட்டி, காதுகுத்து, ஸ்கூல் பீஸ் என்றிருக்கும். நடுநடுவே "வைத்தியச் செலவு". அப்படி வாங்கிய அக்காமாரில் நாலைந்து பேர் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவர்கள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் செலுத்தினார்கள், ஆனால் துணியில் நிற்பது பெரிய தூசி மட்டும்தான். அவர்களில் ரெண்டு பேருக்கு டிபி என்று ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் நிற்கவில்லை. "என்னம்மா வேலை பாத்தே, எத்தனை வருஷம்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். தூசிதான் காரணமா என்பதை டாக்டர்தான் சொல்லணும். ஆனால் எக்ஸ்ரேயோடு வேலை விவரமும் இருந்தால்தான் டாக்டராலும் சொல்ல முடியும். பீஸ் ரேட்டில் ஆபீஸ் மாறி மாறிப் போனவளிடம் அந்த விவரத்துக்கு என்ன சீட்டு இருக்கும்?

அதனால் போன ஆடி கடைசி வெள்ளித் திருவிழா முடிந்ததும் ஒரு நோட்டுப் போட்டோம். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு பக்கம். எந்த ஊர் ஆபீஸ், எந்த அறை, என்ன மருந்து, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை. இதுவரை பதினோரு பேருடைய பக்கம் எழுதி முடித்திருக்கிறோம்.