சூடானால் மக்கர், ஆறினால் சமர்த்து!

எண்ணூர் என்றதும் உங்களுக்கு அசோக் லேலண்ட் லாரிதான் ஞாபகம் வரும். ஆனால், 1948-ல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் 'அசோக் மோட்டார்ஸ்' தொடங்கியது காருக்காக! இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டி, 1949-ல் ஆஸ்டின் ஏ-40 கார்களைச் சாலையில் விட்டார்கள்.

அந்தக் காலத்து பெட்ரோல் கார்களுக்கெல்லாம் ஒரு பொல்லாத வியாதி உண்டு. ஜம்மென்று ஓடும்; வெயிலில் கொஞ்ச தூரம் போனதும் நடுரோட்டில் பொசுக்கென்று நிற்கும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் இன்ஜின் ஆறி, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். எதை ரிப்பேர் செய்வது?

பல சமயம் குற்றவாளி, கட்டைவிரல் அளவு கண்டென்ஸர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அங்கே பொறி பறக்காமல் கரண்ட்டை வாங்கிக்கொள்வது அதன் வேலை. சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போனால், பாயிண்ட்டிலேயே பொறி பறந்து வீணாகும். பிளக்குக்குப் போவது நோஞ்சான் பொறிதான். ஆறினால் பழையபடி ஒட்டிக்கொள்ளும். அதனால், விவரமான மெக்கானிக் ஆறின வண்டியை நோண்டவே மாட்டார். ஓட்டிப் பார்ப்பார். நின்ற நிமிஷமே காயில் ஒயரை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டுவார். பொறி நீலமாகச் சொடுக்கினால் சரி. மஞ்சளாக, சோனியாக வந்து, பாயிண்ட்டும் கருகியிருந்தால்... மாட்டிக்கொண்டது திருடன்!

1950-ல் லேலண்டுடன் ஒப்பந்தம், 1955-ல் பெயர் மாற்றம். எண்ணூர் டீசலுக்குப் போய்விட்டது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது! வியாதி மட்டும் ஃபியட், அம்பாஸடர்காரர்களோடு இன்னும் பல வருஷம் குடித்தனம் நடத்தியது.