துளியை நிறுத்துப் பார்த்த கதை

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல வர்ற எண்ணை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுறார். அந்த எண்ணே சில மைக்ரோலிட்டர் திரவத்தை நம்பித்தான் இருக்கு.

1950கள்ல அதைக் கண்ணாடிக் குழாயில வாயால உறிஞ்சி எடுத்தாங்க. ஆமா, ரத்தமோ அமிலமோ, எதுவானாலும்! ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிக் ஷ்னிட்கருக்கு இது பொறுக்கல. 1957ல் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வெச்ச பிப்பெட்டை உருவாக்கினார்.

சரி, கட்டைவிரலால அழுத்தினா 10 மைக்ரோலிட்டர்தான் விழுந்துச்சுன்னு யார் சொல்றது? தராசுதான். 20 டிகிரி செல்சியஸில் 1 மைக்ரோலிட்டர் தண்ணீர் சுமார் 0.998 மில்லிகிராம். எடையை அடர்த்தியால வகுத்தா கொள்ளளவு வந்துடும். ஆனா நிறுக்குறதுக்குள்ளயே துளி ஆவியாகும்; அதையும் கணக்குல சேர்க்கணும். இந்த முறைக்கு 2002ல் ஐஎஸ்ஓ 8655 தரநிலை வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் பத்து தடவை நிறுக்கணும்.

மனுஷனுக்கு அலுத்துப்போற வேலை இது. அதனால இப்போ ரோபோவே தராசில் விட, கம்ப்யூட்டர் எடையைப் பதிவு பண்ணுது. எனக்கு இது யூனிட் டெஸ்ட் மாதிரிதான் தெரியுது. ஓட்டையும் அதே மாதிரிதான்: 96 முனையும் ஒண்ணா விட்டா, தராசு மொத்தத்தை மட்டும் காட்டும். ஒண்ணு குறைச்சும் இன்னொண்ணு கூட்டியும் விட்டா, கூட்டுத்தொகை பாஸ் ஆயிடும். அதைப் பிடிக்க, சாயம் கலந்து ஒவ்வொரு குழியிலயும் நிறத்தை அளக்குறாங்க.